பாப்பாவின் தலையணை

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் பேச ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புலாவ் பெசார் கடலில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் அவர்களுக்கு ஒரே ஒரு கவலைதான், மழை வருமா வராதா. நானும் அந்தத் தீவுக்குப் போனவள்தான். காலையில் போய் மாலையில் திரும்பும் அந்த ஒரு நாளுக்குத் திட்டம் போட எனக்கு ஆறு வாரம் பிடித்தது. இன்றைக்கும் யாராவது ‘பிக்னிக்’ என்று சொன்னால் எனக்கு முட்டி வலிக்க ஆரம்பித்துவிடுகிறது.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். ரெம்பியாவுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாது என்று, தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். பூட்டிய பிறகு வெளியே நிற்பவன் யாராக இருந்தாலும் சுடலாம். அரிசியைத் தலைக்கு இவ்வளவு என்று கார்டைப் பார்த்து அளந்து கொடுத்தார்கள். அந்த அரிசியும் சரி, ஆக்கிய சோறும் சரி, கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை போகக் கூடாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் காலையில் குடித்த கோப்பியோடு போய், மத்தியானம் இரண்டு மணிக்குக் காய்ந்த வயிற்றோடு திரும்பி வந்தார்கள்.

அந்தக் கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்கும் வேலை எனக்கு. அப்போது வயது பத்தொன்பது. ஆறு வகுப்பு படித்திருந்தேன், மலாய் பேசுவேன். அதனால் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி என்னைப் பிடித்துப் போட்டார். என்னோடு பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, ஒரு அம்மா வந்து வேலை பார்த்தார். மலாயில் அத்தை மாதிரி, மாக்சிக் என்று எல்லாரும் கூப்பிடுவோம். இடுப்பு மடிப்பு, கொண்டை, பால் வாளியின் அடி, தலைத்துண்டின் முடிச்சு என்று ஒன்று விடாமல் பார்ப்போம். முதல் நாள் சாயங்காலம் குழாயடியில் என்னோடு சிரித்துப் பேசியவள், மறுநாள் காலை கையைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் நிற்பாள். ஒரு நாளைக்கு நூறு இடுப்பு. கொஞ்ச நாளில் என் விரலுக்கே கண் வந்துவிட்டது. துணிக்குள் நாலு அரிசி கிடந்தாலும் தொட்ட உடனே தெரியும். எங்கள் இரண்டு பேரை மட்டும் யாரும் தொட்டதில்லை. ‘அவங்களுக்கென்னா, மகராசிங்க’ என்று வரிசையில் முணுமுணுப்பார்கள்.

அண்ணனை அந்தக் கேட்டில்தான் பிடித்தார்கள். சோறு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்த முதல் வாரம். அண்ணன் பன்னிரண்டு வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பத்து மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்து, பழைய சோற்றில் உப்பும் மிளகாயும் வைத்துத் தின்றால்தான் அவருக்கு மிச்ச மரத்துக்குக் கை ஓடும். அன்றைக்கும் பழக்க தோஷத்தில் தூக்குச்சட்டியை வாளிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மேலே ஒரு துணிகூடப் போட்டு மூடவில்லை. ஆண்கள் வரிசையில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மூடியைத் திறந்தான். நான் இந்தப் பக்கம் ஒருத்தியின் கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் திங்கத்தான்லா, என் பசிக்குத்தான்லா” என்று அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் லோரியில் ஏற்றிவிட்டார்கள். அது போன புழுதி அடங்கிய பிறகு, மாக்சிக் என் தோளைத் தொட்டு வரிசையைக் காட்டினார். இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். மிச்ச நாற்பது பேரையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன்.

பதினான்கு மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அவ்வளவு நாளும் என் வேலை போகவில்லை. கிராணிக்கு என்மேல் இருந்த பாசம் அதற்குக் காரணமில்லை. சொந்தச் சனத்தின் மடியில் கை விடும் வேலைக்கு வேறு எவளும் வர மாட்டேன் என்றதுதான் காரணம். எங்கள் அப்பா அம்மா ஜப்பான்காரன் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் நான், அண்ணி, அண்ணன் அண்ணியின் மகள். அவளுக்கு அப்போது நாலு வயது. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

அண்ணன் திரும்பி வந்தபோது ஆள் வந்தாரே தவிர வேறொன்றும் வரவில்லை. அவருக்குப் பால் வெட்ட மரம் கொடுக்காமல் புல் வெட்டப் போட்டார்கள். வேலை முடிந்து வந்தால் வாசலில் உட்கார்ந்து கம்பி வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தட்டில் சோற்றைப் போட்டால் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். ரோட்டில் லோரிச் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எங்கள் ரோட்டில் நாள் முழுக்க லோரி. பால் லோரி, பட்டாள லோரி, ஒலிபெருக்கி கட்டிய லோரி. பாவம், உட்காருவதும் எழுவதுமாகவே அவருக்குப் பொழுது போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அண்ணி மெதுவாகச் சொன்னார்.

“ஏம்மா, நான் புலாவ் பெசார் அவுலியாவுக்கு வேண்டிக்கிட்டேன். இவரு உசுரோட வந்துட்டா, தீவுக்கு வந்து என் கையால சோறாக்கி அங்க இருக்கற நாலு பேருக்குப் போடறேன்னு. இவரு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. நான் இன்னும் போகல. அதான் இவரு இப்படி இருக்காரு.”

அவுலியா அந்தத் தீவில் அடங்கியிருக்கும் முஸ்லிம் மகான். எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்தபோது, இந்த ஒன்றையாவது செய்து கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. மரம் இலை கொட்டும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெயில் கொளுத்தும், பால் வற்றும், தோட்டத்தில் கொஞ்ச நாள் வேலை குறையும். அப்போது கேட்டால் லீவு கிடைக்கும். நானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

முதலில் கிராணியிடம் போனேன். வெளியே போக ஆளுக்கு ஒரு பாஸ் வேண்டும். அண்ணனுடைய பாஸை மட்டும் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

“காரணம் என்னான்னு போட?” என்றார் கிராணி.

“நேர்த்திக்கடன்னு போடுங்கய்யா.”

“அத நான் இங்கிலீசுல எழுதி, அவன் படிச்சு, எந்தச் சாமி, நீங்க இந்துவாச்சே அங்க என்னா வேலைன்னு நாலு கேள்வி கேப்பான். பிக்னிக்னு போடறேன்லா. அது அவனுக்கு நல்லாப் புரியும்.”

பத்து நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று ஒரு கேள்வி. கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சோறு கொண்டு போகாத பிக்னிக் உலகத்துலயே உங்களுதுதான்” என்றார். கடையில் வாங்கித் தின்பார்கள் என்று எழுதி மறுபடியும் அனுப்பினார். அதற்கு இன்னும் பத்து நாள்.

வழி கேட்க ரெம்பியாவில் மளிகைக்கடை வைத்திருந்த பாயிடம் போனேன். அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தத் தீவுக்குப் போகிறவர். அண்ணிக்கு அவுலியாவைப் பற்றிச் சொன்னதும் அவர்தான். பால் டின்னை ஆணியால் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்பதால் அவர் கடையில் எப்போதும் டொக்கு டொக்கு என்று ஒரு சத்தம். ஓட்டை போட்ட டின் காட்டுக்குள் போனாலும் கெட்டுப்போகும் என்று கணக்கு. ஓட்டை போட்டுக்கொண்டே எனக்கு வழி சொன்னார்.

“ஆறு மணிக்குக் கேட்டத் தொறந்த உடனே நடந்துரணும். ரெண்டு மைலு. ரெம்பியாவுல மொத பஸ்ஸ விட்டா அன்னிக்குப் பயணமே இல்ல. மலாக்காவுல எறங்கி உம்பாய் பஸ்ஸு. உம்பாயில படகு. படகுக்காரன் மணி பாத்து எடுக்க மாட்டான், அலையப் பாத்துத்தான் எடுப்பான். திரும்புறப்ப ரெண்டு மணிக்கெல்லாம் படகுல ஏறிரு. இல்லாட்டி கேட்டுக்கு வெளியதான் நிக்கணும், புரியுதா? அப்புறம் இன்னொன்னு. இன்னிலேருந்து வீட்டுல பன்னிக்கறி ஆக்காதீங்க. தின்னுட்டுப் போனா கடல் சும்மா விடாது.”

“தீவுல எவ்வளவு தூரம் போகணும் பாய்? பஸ்ஸு இருக்கா?”

பாய் சிரித்துவிட்டார். “அங்க ரோடே இல்லம்மா. காரு, பஸ்ஸு, லோரி ஒண்ணும் கெடையாது. காலு இருக்கறவன் நடப்பான், அவ்வளவுதான்.”

அன்று சாயங்காலம் இதையெல்லாம் அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் இருந்த அண்ணன் தலையைத் திருப்பினார்.

“லோரி இல்லையா அங்க?” என்று கேட்டார்.

“இல்லண்ணே. ரோடே கெடையாதாம்.”

“செரி, போவோம்” என்றார். திரும்பி வந்த நாளிலிருந்து அவராக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. அண்ணி அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு இந்தப் பயணத்தை விட்டுவிடும் வழியே இல்லாமல் போயிற்று.

சோறு ஆக்க அரிசிக்கு என்ன செய்வது என்று நான் கேட்டபோதெல்லாம் அண்ணி, “அதெல்லாம் இருக்கு” என்று சொல்லித் தட்டிக்கழித்தார். தீவில் யாரிடமாவது வாங்கிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். போவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மத்தியானம், பாப்பாவின் பாயையும் தலையணையையும் வெயிலில் போட எடுத்தேன். சின்னத் தலையணை, பழைய சேலைத் துணியில் தைத்தது. பிறந்த குழந்தைக்குத் தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகு போட்டுத் தைக்கிறோமே, அந்த மாதிரி. அண்ணன் போன பிறகு அண்ணி அதைப் புதிதாகத் தைத்தார். நாலு வயதில் எதற்குக் கடுகுத் தலையணை என்று நான் கேட்டதும் இல்லை. அன்றைக்குக் கையில் எடுத்தவுடனே விரல் சொல்லிவிட்டது. உள்ளே இருந்தது கடுகு இல்லை, அரிசி. ஒரு காந்தாங்குக்கு மேலே, மூன்று கிலோவாவது இருக்கும்.

அத்தனை அரிசியைக் கார்டுக் கணக்கை மீறி வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். அதுவும் ஒரு தடவை சோற்றோடு பிடிபட்டவன் வீட்டில்.

வேலை முடிந்து அண்ணி வந்ததும் தலையணையைக் காட்டினேன். அவர் ஒளிக்கவில்லை.

“பிடி அரிசிம்மா. அவரு போனதுலேருந்து ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் ஒலையில போடறதுக்கு முன்னால ஒரு பிடி எடுத்து அதுல போட்டுத் தச்சேன். என் பங்குலேருந்துதான் எடுத்தேன், உன் பங்கத் தொடல. இந்த அரிசியத்தான் அங்க ஆக்கணும். வேற அரிசி ஆவாது.”

“அண்ணி, கேட்டுல புடிச்சா என்னாவும்? அண்ணனத் திரும்பக் கொண்டுபோயிருவாங்க. இந்தத் தடவ வருவாரா?”

“பச்சப் புள்ள தலகாணிய யாரு பாக்கப் போறா?”

“மாக்சிக் பாப்பாங்க. நான் லீவு, அன்னிக்கு அவங்கதான் நிப்பாங்க. அவங்க கையில தப்பி ஒண்ணும் போனது கெடையாது.”

அண்ணி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப வேற வழி இருந்தா நீயே சொல்லு” என்றார்.

வேற வழி இல்லை என்றேன்.

“அப்படின்னா இதுதான் வழி” என்று சொல்லிவிட்டு அதைப் பாயில் வைத்துவிட்டார். அண்ணி அதிகம் பேச மாட்டார். ஒன்றை முடிவு செய்துவிட்டால், நகர்த்த லோரிதான் வேண்டும்.

நான் செய்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்குக் கேட் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அண்ணியும் அண்ணனும் வேலையில், பாப்பா ஆயாக்கொட்டகையில். தலையணையின் ஓரத்தைப் பிரித்து, அரிசி முழுவதையும் என் பெட்டியில் இருந்த பால்மாவு டின்னுக்கு மாற்றினேன். உள்ளே எதைப் போடுவது? மணல் மட்டும் போட்டால் கனம் காட்டிக்கொடுத்துவிடும். பானை தேய்க்க என்று மாக்சிக்கிடம் உமி கேட்டு வாங்கிவைத்திருந்தேன். ஓடை மணலை அலசிக் காயவைத்து, உமியோடு கலந்து போட்டுத் தைத்தேன். பாப்பா மட்டும் இரண்டு நாள் தலையணை குத்துகிறது என்று சிணுங்கினாள். அப்புறம் அவளும் பழகிவிட்டாள்.

எடுத்த அரிசியைக் கொட்டவும் மனம் வரவில்லை, கொட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் தினமும் கொஞ்சம் எடுத்து, நாங்கள் புழங்கும் அரிசி டின்னில் கலந்துவிட்டேன். மூன்று வாரத்தில் தின்று தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன் பிழைக்க வேண்டும், அதற்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே பத்து தடவை சொல்லிக்கொண்டேன்.

அங்கேதான் நான் நினைக்காத ஒன்று நடந்தது. டின்னில் அரிசி குறையவில்லை என்பதை அண்ணி கவனித்துவிட்டார். வாரக் கடைசியில் தட்டித் துடைக்க வேண்டிய டின்னில் இரண்டு நாளைக்குக் காணும் அரிசி கிடந்தது. ஒரு நாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

“பாத்தியா? நாம போறதுக்கு முன்னாலயே அவுலியா நம்ம வீட்டுக்கு வந்துட்டாரு. அள்ள அள்ளக் கொறையல பாரு.”

அன்றிலிருந்து அண்ணி உலையில் கூட ஒரு பிடி போட்டார். அண்ணன் இரண்டு வாயோடு எழுவதை விட்டார். முதலில் ஒரு தட்டு முழுக்கத் தின்றார். அப்புறம் ஒரு நாள் தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் போடு” என்றார். அண்ணி சோற்றைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இவ்வளவு சந்தோஷத்தைத் திருட்டு அரிசியில் ஆக்கிப் போட்டிருக்கிறேனே என்று எனக்கு மனசு கசந்துபோயிற்று. பேசாமல் பாஸ் கிடைக்காமல் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் பலிக்கவில்லை. பாஸ் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கேட்டில் நின்றோம். பாப்பா தலையணையைக் கட்டிக்கொண்டு அண்ணியின் இடுப்பில் இருந்தாள். மாக்சிக் என்னைப் பார்த்ததும் சிரித்தார். அண்ணியின் மடியைப் பேருக்குத் தொட்டார். பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார். நழுவிய தலையணையை அவரே தூக்கி அவள் கையில் சரியாக வைத்தார். அதை அழுத்திக்கூடப் பார்க்கவில்லை.

“புலாவ் பெசார் தானே? எனக்காகவும் ஒரு டோஆ சொல்லி வேண்டிக்கோ” என்று சொல்லி வழிவிட்டார்.

அந்தத் தீவு அவருக்கும் புனிதமான இடம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வாரத்தில் எத்தனையோ யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. அரிசியே இருந்திருந்தாலும் போயிருக்கும்.

பஸ்ஸை நடுவழியில் இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். அண்ணனை மட்டும் இறக்கிப் பாஸை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் படித்தார்கள். மலாக்காவில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டோம். உம்பாயில் படகுக்காரன் தண்ணீர் ஏறட்டும் என்று உட்காரவைத்துவிட்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. தீவில் இறங்கியபோது பதினோரு மணி தாண்டிவிட்டது. நாங்கள் எல்லாரும் அப்போதே களைத்துப் போயிருந்தோம்.

அண்ணன் மட்டும் மணலில் நின்று காது கொடுத்துக் கேட்டார். அலைச் சத்தம், காற்று, எங்கேயோ ஒரு சேவல். வேறொன்றும் இல்லை. தர்கா பக்கம் நடந்து போய், ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. பகல் வெளிச்சத்தில் அவர் தூங்கி நான் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அண்ணி தர்காவில் கும்பிட்டுவிட்டு வந்து, அங்கே இருந்தவர்களிடம் ஒரு பானையும் முறமும் இரவல் வாங்கினார். கல் மூன்று கூட்டி அடுப்புப் பற்றவைத்தார். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. தலையணையை மடியில் வைத்துப் பல்லால் தையலைக் கடித்து இழுத்தார். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் தையல் பிரிந்துவிட்டது. முறத்தில் மணலும் உமியும் கொட்டின.

அண்ணி கையால் அளைந்து பார்த்தார். தலையணையைத் திருப்பி உதறினார். மறுபடியும் அளைந்தார்.

“மண்ணாப் போச்சே” என்றார். “ஏத்துக்கல போலருக்கே. அவர மறுபடியும் கொண்டுபோயிருவாங்களா?” பாப்பா அழ ஆரம்பித்தாள்.

அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

“அவுலியா ஒண்ணும் செய்யல அண்ணி. நான்தான் மாத்துனேன். அரிசிய டின்னுல கலந்துட்டேன். நாமதான் தின்னோம்.”

அண்ணி என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முறத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பாப்பாவின் அழுகைக்கு முழித்துக்கொண்ட அண்ணன் எங்கள் பின்னால் நின்றிருந்தார்.

“எனக்குத் தெரியும்” என்றார். “சோத்துல பாப்பா தல வாசம் அடிச்சுச்சு. அவ தேங்காயெண்ண வாசம். எப்படின்னு தெரியல. நல்லா இருந்துச்சு, தின்னேன்.”

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய் முறத்திலிருந்த மணலைக் கடற்கரையில் கொட்டிவிட்டு வந்தார். கொதித்த தண்ணீரை அடுப்பில் ஊற்றி அணைத்தார். பக்கத்தில் மலாக்காவிலிருந்து வந்த ஒரு பாய் குடும்பம் நெய்ச்சோறு ஆக்கியிருந்தார்கள். எங்களைப் பார்த்து நாலு தட்டு கொடுத்தனுப்பினார்கள். அண்ணனும் பாப்பாவும் தின்றார்கள். அண்ணி தன் தட்டைத் தொடவில்லை. நான் தின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பசித்தது, தின்றேன்.

கேட்டை மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்தோம். அதற்கப்புறம் ஐந்து நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. கோப்பி வைத்தார், சோறு போட்டார், என் துணியையும் சேர்த்துத் துவைத்தார். பேச்சு மட்டும் இல்லை. அண்ணன் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்தார். லோரி வந்தால் எழுந்தார். ஆனால் சாப்பிடும்போது தட்டை நீட்டுவதை விடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணி அரிசி டின்னைத் திறந்து ஒரு பிடி எடுத்தார். அடுப்படியைத் தாண்டி நேரே என்னிடம் வந்து, என் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து மூடினார்.

“இனிமே நீ கொண்டுபோ. வெள்ளிக்கு வெள்ளி பாய் கடையில சேத்து வை, மறுபடி தீவுக்குப் போறப்ப எடுத்துக்கலாம். உன்ன யாரு தடவிப் பாக்கப் போறா?” என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. பஸ் நேரம், படகு நேரம், அலை நேரம் எல்லாம் ஆறு வாரம் யோசித்தவளுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அண்ணி நம்பியிருக்க மாட்டார். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, வேற வழி இருந்தா நீயே சொல்லு என்று அவர் என் முகத்தைப் பார்த்தாரே, அப்போதே எனக்குத் தோன்றியது. பயந்துகொண்டு, ‘இல்லை’ என்றேன்.

அரிசியை மடியில் முடிந்துகொண்டு கேட்டுக்குப் போனேன். வரிசையில் முதலில் நின்றவள் கையைத் தூக்கினாள்.